இடுப்புக்கு மேல்

வாசல் சுவரில் அண்ணன் மாட்டியிருந்த ஐந்நூறு வாட் ஹாலஜன் விளக்கு, பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை எரியும். வெளிச்சத்தில் பாதி எங்கள் வாசலுக்கு, மீதி எதிரே இருக்கும் மரவள்ளிக் காட்டுக்கு. ராசிபுரம் பக்கத்து மில்லில் நைட் ஷிப்ட் வேலையை விட்ட மூன்றாம் மாதம் அதைக் கழற்றினேன். ஆள் நடந்தால் மட்டும் எரியும் இருபது வாட் எல்இடி விளக்கை மாட்டினேன்.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. வேலையை விட்டவனுக்கு விளக்கை அணைக்கிற வேலை கிடைத்துவிட்டது என்று பக்கத்து வீடுகளில் சொன்னாள். போர் போடும் ரிக் லாரியோடு மத்தியப் பிரதேசத்தில் இருந்த அண்ணனும் போனில் திட்டினான்.

முதல் நாள், வாசலில் கட்டியிருந்த வெள்ளாடுகள் அசைந்தபோதெல்லாம் விளக்கு எரிந்தது. மறுநாள் விளக்கில் அசைவைப் பார்க்கும் சென்சார் கண்ணின் கீழ்ப்பாதியில் கறுப்பு டேப் ஒட்டினேன். இடுப்புக்கு மேல் அசைவது மட்டும்தான் இனி அதற்குத் தெரியும். ஆடுகளுக்கு எரியவில்லை. எனக்கு எரிந்தது. அண்ணி சித்ராவுக்கும் எரிந்தது. ஏணியை எடுத்து வைத்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து, மத்தியானம் சோறு போடும்போது அண்ணி சொன்னாள்.

"அத்தை அஞ்சு மணிக்கு மேல தண்ணி குடிக்கறதில்லீங்க தம்பி. ராத்திரிச் சோறும் ரெண்டு வாய்தான். இருட்டுல கக்கூசுக்குப் போவோணுமேன்னு."

கக்கூஸ் வாசலின் கோடியில் இருக்கிறது. களையெடுத்தே அம்மாவுக்கு இடுப்பு மடங்கிவிட்டது. தரையைப் பார்த்துத்தான் நடப்பாள். ஆனாலும் யார் கையையும் பிடிக்கமாட்டாள். துணைக்குப் போன அண்ணியை ஒருமுறை தடியால் தள்ளிவிட்டிருக்கிறாள்.

அன்று பொழுது இறங்கியதும் அம்மாவை நடந்து காட்டச் சொன்னேன்.

"நீ நட. என்னாட்டம் குனிஞ்சு நட."

குனிந்து நடந்தேன். விளக்கு எரியவில்லை. பாதி தூரத்தில் ஆட்டுக்கயிறு காலில் மாட்டிக் குப்புற விழுந்தேன். உள்ளங்கை தோல் உரிந்தது. அம்மா படியை விட்டு அசையவில்லை.

"ஆட்டுக்கு எரியக் கூடாதுன்னுதான வெச்சே? எரியறதில்லை. நல்லாத்தான் வெச்சிருக்கே."

முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன்.

"தெனமும் பாக்கற முதுகு. அதையும் சொன்னாத்தான் உனக்குத் தெரியுமா?"

 ஆடுகளை வீட்டின் பின்பக்கம் கொண்டுபோய்க் கட்டினேன். ஏணி போட்டு டேப்பை உரித்தேன்.

அம்மா தடியை ஊன்றிப் படியிறங்கினாள். மூன்றாவது எட்டில் விளக்கு எரிந்தது. கக்கூஸ்வரை எரிகிறதா என்று பார்ப்பதற்காக நின்றேன். அவளும் நின்றாள். திரும்பவில்லை.

"நான் போறதப் பாக்கறதுக்கா வெளக்கு வெச்சே? ஊட்டுக்குள்ள போடா."

போனேன். கதவையும் சாத்தச் சொன்னாள். சாத்தினேன்.