தொட்டி மண்ணில் வெள்ளரித் துண்டு

1.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. கோடை இதழுக்கு ஒரு காக்டெயில் குறிப்பு வேண்டும், வீட்டுத் தோட்டத்து இலை தழை போட்டதாக இருக்கட்டும், அரைப் பக்கம் போதும் என்று ஒரு பத்திரிகை ஆசிரியர் கேட்டார். கதை கேட்டால் ஆறு மாதம் இழுத்தடிக்கிற நான், குறிப்புதானே என்று உடனே தலையாட்டிவிட்டேன். அந்த அரைப் பக்கத்தில் மாட்டிக்கொண்டு மூன்று வாரமாக முழிக்கிறேன்.

நான் எழுதிய முதல் வரி: 'இரண்டு கொத்துப் புதினாவை உள்ளங்கையில் வைத்து, மறு கையால் ஒரே ஒரு தட்டுத் தட்டுங்கள்.'

அந்த வரியிலேயே அத்தான் வந்து நின்றுவிட்டார். அதற்கப்புறம் குறிப்பு நகரவில்லை.

2.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். ஒரு பெரிய ஹோட்டலின் பாரில் பதினெட்டு வருடம் மது கலந்தவர். [இங்கே அவர் தோற்றத்தை வர்ணித்து ஆறு வரி எழுதி அடித்துவிட்டேன். அதில் மீசை மட்டும்தான் உண்மை.] கோடை வந்தால் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் வீட்டுக்குப் பின்னால் நான்கு பிரம்பு நாற்காலி போடுவார். அக்காவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, எதிர்வீட்டுப் பல் டாக்டருக்கு ஒன்று. நான்காவது அவருக்கு. ஆனால் அதில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் மூன்று பேர் நாற்காலிக்கும் பக்கத்தில் ஆளுக்கொரு தொட்டி: புதினா, எலுமிச்சைப் புல், ரோஸ்மேரி. ஹோட்டலில் மிஞ்சிய கொத்துகளைச் சட்டைப் பையில் கொண்டுவந்து, தண்ணீரில் வேர் விடவைத்து அவர் வளர்த்தவை. புதினாவைக் கசக்கினால் அவருக்குக் கோபம் வரும். தட்டினால் போதும், அதுவே வாசனையைக் கொடுத்துவிடும் என்பார். வெள்ளரியை மறுபக்கம் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக அரிவார். ஜின், எலுமிச்சைச் சாறு, தாராளமாகச் சர்க்கரைப் பாகு, இரண்டே சொட்டு உப்புக் கரைசல், மேலே சோடா. பிறகு ஸ்ட்ராவை உள்ளே விட்டு, மேல் ஓட்டையை விரலால் மூடி எடுத்து, நாக்கில் ஒரு சொட்டு விட்டுக்கொள்வார். கண்ணை மூடித் திறப்பார். அதற்குப் பிறகுதான் தம்ளர் நம் கைக்கு வரும்.

அந்த முதல் மடக்கு இருக்கிறதே, அது

(முடிக்கவில்லை. 'அமிர்தம்' என்று எழுதப் போனேன், வெட்கமாகிவிட்டது. எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகள் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் சொல்ல வந்தது.)

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: பாகும் உப்புக் கரைசலும் ஒரே மாதிரியான இரண்டு சீசாக்களில் இருக்கும். பேர் எழுதி ஒட்டக் கூடாதா என்று அக்கா நச்சரிப்பாள். "நாக்கு எதுக்கு இருக்கு?" என்பார் அத்தான். இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

3.

ஒரு வருடம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. போகும்போது மணத்தையும் ருசியையும் சேர்த்து வாரிக்கொண்டு போயிற்று. ஒரு மாதம் வீட்டில் இருந்தார். பிறகு ஒரு ஞாயிறு மறுபடி நாற்காலி போட்டார். ருசி கொஞ்சம் திரும்பின மாதிரி இருக்கிறது, ஆனால் நிச்சயமாகத் தெரியவில்லை என்றார். ஸ்ட்ராவில் எடுத்து நாக்கில் விட்டுக்கொண்டு கண்ணை மூடினார். ரொம்ப நேரம் திறக்கவில்லை.

"நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லியிருக்காங்க. இது சரியா இருந்தா போறேன். இல்லன்னா இன்னும் ஒரு மாசம் லீவு கேட்டுக்கறேன். ஒளிக்காம சொல்லுங்க."

ஆளுக்கொரு மடக்குக் குடித்தோம். சீசா மாறியிருந்தது. கடல் தண்ணீரே தேவலாம் என்கிற உப்பு.

[இந்த இடத்தில் என்னை நல்லவனாகக் காட்டி ஒரு பத்தி எழுதியிருந்தேன். நான் சொல்ல வாயெடுத்ததாகவும் அக்கா கண்ணால் தடுத்ததாகவும். பொய். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. முதலில் பேசியவன் நான்தான்.]

"பழைய கை அப்படியே இருக்கு அத்தான்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அதைப் பார்த்தபின் மற்ற இருவருக்கும் உண்மை சொல்ல வாய் வரவில்லை. டாக்டர் கட்டைவிரலை உயர்த்தினார், அக்கா சிரித்து வைத்தாள். ஐஸ் எடுத்துவருவதாகச் சொல்லி அத்தான் உள்ளே போனார். நாங்கள் மூன்று பேரும் பேசிவைத்த மாதிரி, ஒருவரை ஒருவர் பார்க்காமல், அவரவர் பக்கத்துத் தொட்டியில் தம்ளரைக் கவிழ்த்தோம். திரும்பி வந்தவர் காலித் தம்ளர்களைப் பார்த்தார். அதுதான் அவருக்கு நாங்கள் கொடுத்த சான்றிதழ்.

4.

மறுநாள் வேலைக்குப் போனார். இரண்டாம் நாள் ஒரு பெரிய விருந்து. ஃபிரிட்ஜில் என்றைக்கோ பிழிந்துவைத்துப் கெட்டுப்போன சாறு அவருக்குத் தெரியவில்லை. நாற்பது தம்ளர் அப்படியே திரும்பி வந்ததாம். மூக்கு வேலை செய்யாத ஆளுக்கு ஏற்ற இடம் என்று மேலாளர் சிரித்துக்கொண்டே அவரைச் சலவைப் பிரிவுக்கு மாற்றினார். அங்கேயே ஓய்வு பெறும்வரை அழுக்குப் படுக்கைவிரிப்புகளோடு இருந்தார்.

வியாழக்கிழமை தொட்டிகள் வாடின. மூன்றும் ஒரே நாளில். வெயில் அதிகம் என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். அத்தான் குனிந்து, தொட்டி மண்ணை விரலால் கிளறினார். ஒரு தொட்டிக்கு ஒன்றாக மூன்று வெள்ளரித் துண்டுகள், சுருண்டு காய்ந்து. எடுத்துவந்து ஒரு சாஸரில் வரிசையாக வைத்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்காதான் இதை எனக்குப் போனில் சொன்னாள். அவர் கேட்டிருந்தால், திட்டியிருந்தால் எங்களுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

அதன்பின் பதினொரு கோடைகள் வந்து போயின. நாற்காலி போடவில்லை.

5.

முடிவுகள்.

முதலாவதில் நான் அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்கிறேன், அவர் பெருந்தன்மையாக ஒரு பக்கம் பேசுகிறார். அத்தான் வாழ்நாளில் ஒரு பக்கம் பேசியதில்லை. கிழித்தாயிற்று.

இரண்டாவதில் அவர் இறந்துவிடுகிறார். ஆளைத் தீர்த்துக்கட்டிக் கதையை முடிப்பது எழுதுகிறவனுக்குச் சுலபம். ஆனால் மனுஷர் நன்றாக இருக்கிறார், தினம் நாலு மைல் நடக்கிறார்.

மூன்றாவதை எழுதத் தொடங்கியபோது அக்கா கூப்பிட்டாள். "என்னமோ நாற்காலியெல்லாம் தொடச்சு வச்சிருக்கார். ஞாயித்துக்கிழமை வா."

6.

போனேன். டாக்டர் எப்போதோ வேறு ஊருக்குப் போய்விட்டார், மூன்றே நாற்காலி. சுவர் ஓரமாக ஒரே ஒரு தொட்டி, புதுப் புதினா. மேசையில் அதே இரண்டு சீசா. இன்னமும் பேர் ஒட்டவில்லை. அவருக்கு ருசி திரும்பிவிட்டதா என்று அக்காவிடம் கிசுகிசுத்தேன். தனக்கும் தெரியாது, கேட்கத் தைரியமில்லை என்றாள்.

புதினாவைத் தட்டினார். அந்த ஒரு சத்தத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஸ்ட்ரா, விரல், நாக்கு. கண்ணை மூடித் திறந்தார். தம்ளர் என் கைக்கு வந்தது. ஒரு மடக்குக் குடித்தேன்.

"எப்படி இருக்கு?"

இங்கேதான் சிக்கல். ருசி எப்படி இருந்தது என்று அவரிடம் சொல்லிவிட்டேன், இந்த முறை உள்ளதை உள்ளபடி. அதை இங்கே எழுத முடியவில்லை. நன்றாக இருந்தது என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். மூன்றாம் பகுதியில் நானே என் யோக்கியதையைச் சொல்லிவிட்டேன். உப்பாக இருந்தது என்று எழுதினால், இப்போது நல்லவன் வேஷம் போடுகிறான் என்பீர்கள். குடித்துத் தீர்த்துத் தம்ளரைக் காட்டலாம் என்றால், காலித் தம்ளரை அன்றும்தான் காட்டினோம்.

அத்தான் நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். தலையாட்டவில்லை. சுவர் ஓரம் போய், குனிந்து, அந்தத் தொட்டியைத் தரையோடு தரையாக இழுத்துவந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ஐஸ் எடுத்துட்டு வரேன் மாப்ள. மெதுவா குடி."

அக்காவையும் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

7.

தம்ளரில் இன்னும் முக்கால்வாசி இருக்கிறது. தொட்டி என் முழங்காலில் இடிக்கிறது. உள்ளே ஃபிரிட்ஜ் கதவு திறந்த சத்தம் கேட்டது, மூடிய சத்தம் கேட்கவில்லை. அவசரமில்லாமல் நிற்கிறார்.

இதற்கு மேல் எழுதுவதாக இல்லை. எழுதினாலும் அது என் வார்த்தைதானே. உங்களுக்குத் தெரிந்தே ஆகவேண்டும் என்றால் வியாழக்கிழமை போய் அந்தப் புதினாவைப் பாருங்கள். அத்தான் பார்ப்பார்.