புள்ளி போன கல்வி

புள்ளிவிவரத் துறையில் அவளைக் கணினிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். வறுமை, பசி, குடிநீர், கல்வி என்று உலக நாடுகள் சேர்ந்து ஒப்புக்கொண்ட வளர்ச்சி இலக்குகளில் நாம் எங்கே நிற்கிறோம் என்று ஊருக்குக் காட்டும் இணையதளத்தை ஒற்றை ஆளாகக் கட்டியவள். கட்டினாள் என்பதுகூடக் கொஞ்சம் அதிகம். கடல் கடந்த நாட்டு அரசாங்கம் ஒன்று, தான் எழுதிய மென்பொருளை வேண்டியவர்கள் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று திறந்து வைத்திருந்தது. இவள் எடுத்து, தமிழ் உடுத்திவிட்டாள்.

இயக்குநருக்கு அது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. "தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாதும்பாங்க. நான் பாப்பேன்" என்று மிரட்டிக்கொண்டே இருந்தார்.

அமைச்சர் வந்து தளத்தைத் தொடங்கி வைப்பதாக ஏற்பாடு. அதற்கு முதல் நாள் காலை சித்தி போன் செய்தாள். குடும்ப வாட்ஸாப் குழுவில் கணினிக்காரி பெருமையாகத் தளத்தின் இணைப்பைப் போட்டிருந்தாள்.

"ஏன்டி, கவர்மென்ட்டுல இதெல்லாம்கூடவா கணக்கெடுக்கறீங்க?"

"எதை சித்தி?"

"என் வாயால சொல்ல மாட்டேன். நாலாவது இலக்கைப் போய்ப் பாரு. உங்க சித்தப்பா கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுப் படிக்கிறாரு."

பார்த்தாள். கொட்டை எழுத்தில் 'தரமான கலவி' என்றிருந்தது. அதன்கீழ் ஒரு கோடு ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போனது. நகரம், கிராமம் என்று பிரித்து வேறு காட்டியிருந்தது.

முந்தின நாள்தான் அக்கரையிலிருந்து போன மாதம் வந்திருந்த புதிய பதிப்பை ஏற்றியிருந்தாள். அந்த நாட்டு எழுத்துகளுக்குத் தலைமேல் சின்னச் சின்னக் குறிகள் உண்டு. தேடுவதற்கு வசதியாக அவற்றை உதிர்த்துவிட மென்பொருளில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். எழுத்தின் தலைமேல் எது இருந்தாலும் தூசி என்று அந்த வரிக்கு நினைப்பு, மெய்யெழுத்தின் புள்ளியையும் ஊதித் தள்ளிவிட்டது. மற்ற தலைப்புகள் 'படடினி', 'வறுமை ஒழிபபு' என்று திக்கித் திணறி நின்றன. கல்விக்கு மட்டும்தான் அர்த்தத்தோடு மானம் போயிற்று.

அதற்குள் இயக்குநரும் பார்த்துவிட்டார். காது மடல் சிவந்திருந்தது.

"தொடங்கி வைக்க அமைச்சரைக் கூப்பிட்டிருக்கோம்மா! எதைத் தொடங்கி வைக்கிறது?"

"நம்ம தளத்துல சரி பண்ணிட்டேன் சார்."

"அவங்க அடுத்த பதிப்பு அனுப்பினா?"

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "மறுபடியும் புள்ளி போயிடும் சார். அவங்களே அங்க மாத்தினாத்தான் நிக்கும். என் திருத்தத்தை அவங்களுக்கு அனுப்ப நீங்க அனுமதி கொடுத்தா..."

"நம்ம கல்வி என்ன ஆச்சுன்னு ஊரு உலகத்துக்கெல்லாம் தண்டோரா போடணுமா? மானம் கப்பலேறிடும்! சாயங்காலத்துக்குள்ள வேற வழி பாரு. இல்லேன்னா இதைத் தூக்கிப் போட்டுட்டுப் பழையபடி புத்தகமா அச்சடிச்சிடுவோம்."

அந்தப் புத்தகத்தை அச்சகத்தில் பிழை திருத்தியவரைத் தவிர எவரும் பிரித்ததில்லை. ஊரார் பார்க்கட்டும், கேள்வி கேட்கட்டும் என்றுதான் இவள் இத்தனை நாளும் மாங்கு மாங்கென்று உழைத்தாள். எல்லாம் ஒரு புள்ளியில் போகப்போகிறதே என்று நினைத்தாள். அழுகை வருவதற்குமுன் கோபம் வந்துவிட்டது.

"எடுக்கும்போது நாம கூச்சப்படலையே சார். கொடுக்கும்போது மட்டும் என்ன கூச்சம்?"

சொன்னபிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது. இயக்குநர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அனுப்பு. ஆனா மரியாதையா எழுது."

திருத்தத்தோடு, 'பொருள் வேறுபாடு ஏற்படுகிறது' என்று மரியாதையாகவே எழுதினாள். மென்பொருளைப் பயன்படுத்தும் நாடுகள் எல்லாம் படிக்கும் இணையப் பொதுப் பலகையில்தான் அதைப் போட்டாள். அக்கரைப் பொறியாளர் உடனே பதில் போட்டார்: 'சிறு புள்ளிதானே, அடுத்த ஆண்டு பார்க்கலாமா?'

அவளுக்குச் சுள்ளென்று ஏறியது. 'புள்ளி இருந்தால் பிள்ளைகள் படிப்பார்கள். புள்ளி இல்லாவிட்டால் பிள்ளைகள் பிறப்பார்கள். நாளை எங்கள் அமைச்சர் வருகிறார்' என்று தட்டினாள்.

பின்னால் நின்று படித்த இயக்குநர் செருமினார். "இதுல மரியாதைக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை. அனுப்பு."

அவ்வளவுதான், பலகை அமர்க்களப்பட்டது. பொறியாளர் மன்னிப்புக் கேட்டுத் திருத்தத்தைச் சேர்த்துக்கொண்டார். வேறொரு நாட்டுப் பெண் அதிகாரி எழுதினாள்: 'எங்கள் மொழியிலும் குறிகள் போய், தூய குடிநீர் தூய சாராயம் ஆகிவிட்டது. எங்கள் தவறு என்று நினைத்து வெட்கப்பட்டு வாயைத் திறக்கவில்லை. ஒரு மாதமாகப் பொதுமக்களும் புகார் செய்யவில்லை.' இன்னொரு நாட்டில் பசி ஒழிப்பு விருந்தாளி ஒழிப்பாகியிருந்தது.

"நாம மட்டும்தான்னு நெனச்சேனே!" என்று இயக்குநர் நாற்காலியில் சரிந்து வயிறு குலுங்கச் சிரித்தார். அவருக்குப் பல்வரிசை இருப்பதே அன்றுதான் அலுவலகத்துக்குத் தெரிந்தது.

மறுநாள் அமைச்சர் பொத்தானை அழுத்தினார். திரையில் தரமான கல்வி கம்பீரமாக வந்து நின்றது.

"வெளிநாட்டுக்காரங்க இனாமாக் கொடுத்ததாமே?" என்றார் அமைச்சர்.

கணினிக்காரி இயக்குநரைத் திரும்பிப் பார்த்தாள். வேண்டாத கேள்வி, அதுவும் இயக்குநரிடம். அவர் நிமிர்ந்து நின்றார்.

"இனாம் இல்லீங்கய்யா. அவங்க கொடுத்தாங்க, நாமளும் கொடுத்தோம். இப்ப அத்தனை நாட்டுக்கும் போய்க்கிட்டிருக்கு."

"நாம என்ன கொடுத்தோம்?"

அமைச்சரிடம் இயக்குநர் நடந்ததை எப்படி விளக்குவது? "ஒரு... புள்ளிங்கய்யா."

"அப்படியா? யாரு அந்தப் பெரிய புள்ளி?"

இயக்குநர் கொஞ்சமும் யோசிக்காமல் கணினிக்காரி பக்கம் கையை நீட்டினார்.

"இவங்கதாங்கய்யா."