மூன்று தரம் ஏறிய மலை

மொலெஃபி என்ற அந்த மனிதன் எனக்காக ஒரு மலையை மூன்று தரம் ஏறினான். இரண்டு தரம் நான் அவனைக் கள்ளன் என்று ஏசித்தான் கீழே அனுப்பினேன். அவன் முகத்தைப் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். என்றாலும் இந்த எழுபத்தொரு வயதில், மனமறிந்து நன்றி சொல்ல வேண்டியது யாருக்கு என்று கேட்டால் அவன் பெயரைத்தான் முதலில் சொல்வேன்.

விசயம் தொடங்கியது என் மனைவி பூமணியால்.

பூமணி இருபத்தாறு வருசம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தாள். அங்கே அவளுக்கு பியோர்க் என்று ஒரு நோர்வேக்காரி சிநேகிதி. ஞாயிற்றுக்கிழமையானால் இரண்டு பேரும் முதுகில் பையைக் கொழுவிக்கொண்டு காட்டுக்குள் நடக்கப் போய்விடுவார்கள். ஒஸ்லோவின் ஓரம், ரொம்சோஸில் எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் காடுதான். மத்தியானத்துக்குள் திரும்பி வந்துவிடுவாள் என்பதால் நானும் ஒன்றும் சொல்வதில்லை. இருவரும் ஒரே மாதத்தில் ஓய்வு பெற்றார்கள். அடுத்த கிழமை பூமணி வந்து, தாங்கள் லெசோத்தோவுக்கு நடக்கப் போவதாகச் சொன்னாள்.

"அதெங்கை கிடக்கு?"

"தென்னாபிரிக்காவுக்கு நடுவிலை. சின்ன நாடு. ராசா இருக்கிற நாடு. முழுக்க மலை."

"அங்கை உமக்கு ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. அதுக்குத்தானே போறது."

இதற்கு நான் என்ன சொல்வது? பையைத் தூக்கிக்கொண்டு தெரியாத நாட்டில் அலைவது என்றால் எனக்கு எண்பத்தாறாம் ஆண்டுதான் ஞாபகம் வரும். மொஸ்கோ விமான நிலையத்தில், என்னை வெளிநாட்டுக்கு அனுப்பக் காசு வாங்கிய ஏஜென்சிக்காரன், "அண்ணை, பாஸ்போட்டை ஒருக்காத் தாங்கோ, அஞ்சு நிமிசத்திலை வாறன்" என்று வாங்கிக்கொண்டு போனான். அந்த ஐந்து நிமிசம் இன்னும் முடியவில்லை. பதினொரு நாள் அங்கேயே ஒரு மர வாங்கில் படுத்துக் கிடந்தேன். பிறகு எப்படியோ நோர்வே வந்து, வடக்கே மீன் தொழிற்சாலையில் நின்று, ஒஸ்லோவுக்கு வந்து கராச்சில் பஸ் கழுவி, பிள்ளையை வளர்த்தாயிற்று. ஆனால் அன்று தொடக்கம் ஒரு சட்டம் வைத்திருக்கிறேன்: எவனுக்கும் ஒரு தாளும் இல்லை, ஒரு இலக்கமும் இல்லை.

பூமணி பை கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பளி உள்ளுடுப்பு, கம்பளித் தொப்பி, இரண்டு சோடி கையுறை.

"ஆபிரிக்காவுக்குக் கம்பளிக் காற்சட்டையோ? உமக்கென்ன விசரோ?"

"எங்கடை கோடை அவைக்கு மாரியப்பா. மலையிலை ஸ்னோவும் கொட்டுமாம்."

"ஓம் ஓம், கொட்டும். ஒட்டகம் எல்லாம் ஸ்கீ ஓடும்."

அவள் சிரிக்கவில்லை. ஒரு தாளில் இரண்டு பேருடைய கடவுச்சீட்டு இலக்கம், காப்புறுதி இலக்கம், ஆபத்துக்கு எடுக்க வேண்டிய தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் எழுதிப் பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள்.

"இது இதிலை கிடக்கட்டும். தேவைப்பட்டா உங்களிட்டைக் கேப்பன். உங்கடை நம்பர் ஒண்டுதான் எனக்குப் பாடம். மற்றது எல்லாம் போனுக்குள்ளை." வாசலில் சப்பாத்துக் கட்டும்போது இன்னொன்றும் சொன்னாள்: "சீனி பாத்துக்கொள்ளுங்கோ. சொக்கிலேற் பக்கம் போகப்படாது."

"நான் எப்ப தின்னனான்?" என்றேன்.

எனக்குச் சலரோகம். வீட்டில் சொக்கிலேற் கிடையாது. நிலவறையில் எங்கள் சாமான் அறை இருக்கிறது. அங்கே என் பழைய கராச் கோட்டு, நீலக் கோட்டு, தொங்குகிறது. அதன் பைக்குள் எப்போதும் ஒரு சொக்கிலேற் இருக்கும். அது என்னைத் தவிர இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

போய் இரண்டு கிழமை ஒழுங்காகக் கதைத்தாள். பிறகு, மலைக்குள் போகிறோம், அங்கே சிக்னல் இருக்காது, பயப்பட வேண்டாம் என்றாள். நான் பயப்படவில்லை. மூன்று நாள் பேச்சில்லை.

நாலாம் நாள், ஜூலை மாதத்துச் செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. பல்கனியில் இருபத்தெட்டுப் பாகை வெயில். போன் அடித்தது. முன்னுக்கு 266 என்று காட்டியது. ஹொல்ம்லியாவில் இருக்கும் என் மகன் கிருஷிகன் ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறான்: "அப்பா, நோர்வேயின்ரை 47 இல்லாத நம்பரை எடுக்காதேங்கோ. எடுத்தாலும் ஒண்டும் சொல்லாதேங்கோ. நான்தான் எண்டு சொன்னாலும் நம்பாதேங்கோ." நான் எடுப்பேன். கள்ளரை ஏசுவது எனக்கு ஒரு பொழுதுபோக்கு.

ஒரு ஆண் குரல். பின்னால் காற்று இரைந்தது. அவனுக்கு மூச்சு வாங்கியது. "ந்தாதே" என்று ஏதோ சொல்லித் தொடங்கினான். பிறகு ஆங்கிலம். எனக்கு ஆங்கிலம் அரைகுறை, என்றாலும் விளங்கியது. உங்கள் மனைவி எங்கள் ஊரில் இருக்கிறா. கூட வந்த அம்மாவுக்குக் கால் முறிந்துவிட்டது. ஆறு கடக்கும்போது மட்டக்குதிரை சறுக்கி, பையும் போன்களும் தாள்களும் தண்ணீரோடு போய்விட்டன. பனி கொட்டிப் பாதை மூடிவிட்டது. ஹெலிகொப்ரர் கூப்பிட வேண்டும். உங்கள் பிரிட்ஜ் கதவில் இருக்கும் பாஸ்போட் இலக்கத்தையும் காப்புறுதி இலக்கத்தையும் வாசியுங்கள்.

ஆபிரிக்காவில் பனி! இவனுக்கு ஒழுங்காகப் பொய் சொல்லக்கூடத் தெரியவில்லையே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பாஸ்போட் என்று கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"போடா கள்ளா! உன்ரை கொப்பனிட்டைக் கேள் பாஸ்போட்!" என்று தமிழில் கத்தி, விளங்காமல் போய்விடக்கூடாது என்று நோர்வீஜிய மொழியிலும் இரண்டு சொல் விட்டு, வைத்துவிட்டேன்.

கிருஷிகனுக்கு அடித்தேன். அவன் ரீ-பானா என்ற சுரங்க ரயில் ஓட்டுகிறவன். வேலை நேரத்தில் போன் எடுக்க மாட்டான். குரல் பதிவில், "தம்பி, இண்டைக்கு ஒருத்தனைக் கலைச்சனான்" என்று பெருமையாகச் சொல்லி வைத்தேன்.

ஒரு மணிக்கு அதே இலக்கம். அதே மூச்சு. இந்த முறை என் பெயரைச் சொன்னான், இரத்தினவேல் என்று. பூமணியின் பெயரைச் சொன்னான். ரொம்சோஸ் என்றான்.

பெயர் தெரிந்தால் என்ன? போனைத் திருடினவனுக்கு எல்லாம் தெரியும்.

"அப்ப அவவைக் கதைக்கச் சொல்லு" என்றேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

அவவால் வர முடியாது, ந்தாதே. சிக்னல் மலை உச்சியில்தான் இருக்கிறது. பாதை முழுக்கப் பனி. சிநேகிதிக்குக் காய்ச்சல், அவவை விட்டு வரமாட்டாவாம்.

"நல்ல கதை, கள்ளா" என்று சொல்லி வைத்தேன்.

வைத்தேன்தான். ஆனால் தேத்தண்ணி போட்டால் இறங்கவில்லை. பிரிட்ஜைத் திறக்காமல் அதன் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். பூமணியின் எழுத்து, உருண்டை உருண்டையாக. பிரிட்ஜ் எல்லா வீட்டிலும் இருக்கிறதுதானே என்று எனக்கு நானே சொன்னேன். ஆனால் கதவில் தாள் ஒட்டியிருப்பதைப் போனைத் திருடினவன் எப்படி அறிவான்? அவளை எங்கேயோ அடைத்து வைத்துக் கேட்டு வாங்கியிருப்பானோ? அல்லது உண்மையிலேயே ஆறும் குதிரையுமோ? திருப்பி அடித்துப் பார்த்தேன். தொடர்பு கிடைக்கவில்லை என்று ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. ஒன்றுக்குப் பத்துத் தரம் அடித்தேன்.

ஐந்து மணியாகப் போகும்போது போன் அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தேன்.

அவனால் கொஞ்ச நேரம் பேசவே முடியவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. பிறகு ஆங்கிலத்தில் சொன்னான்: வைத்துவிடாதீர்கள், ந்தாதே. உங்கள் மனைவி ஒரு தாள் தந்தா. என்ன மொழி என்று எனக்குத் தெரியாது, எழுத்து மட்டும் ஆங்கிலம். எழுத்துக்கூட்டி வாசிக்கிறேன்.

வாசித்தான்.

"இஞ்-சே-ருங்-கோ. நில-வறை-யிலை தொங்-கிற நீ-லக் கோட்-டுப் பை-யுக்-குள்-ளை இருக்-கிற சொக்-கி-லேற்-றைத் திண்-டது போ-தும். பிரிட்-ஜ் கத-வைப் பா-ருங்-கோ. இந்-தப் பிள்-ளை ஸ்னோ-வுக்-குள்-ளாலை ரெண்-டு தரம் ஏறி-ன-வன். இந்-தத் தர-மும் ஏசி-னா நான் வீட்-டுக்-கு வர-மாட்-டன்."

எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் இழுக்க வேண்டும் என்று ஒன்றும் தெரியாமல் வாசித்தான். ஆனாலும் அது பூமணியின் குரல்தான். இந்த உலகத்தில் வேறு எவரும் என்னை அப்படி ஏச முடியாது.

"சரியா, ந்தாதே?" என்று கேட்டான்.

பிரிட்ஜடிக்குப் போனேன். கண்ணாடியைப் போட்டேன். நாற்பது வருசமாக ஒருவனுக்கும் ஒரு இலக்கம் கொடுக்காதவன், முகம் தெரியாத ஒருவனுக்கு அந்தத் தாளில் இருந்த அத்தனை இலக்கத்தையும் ஒவ்வொன்றாக வாசித்தேன். திருப்பிச் சொல்லச் சொன்னேன். ஒரு இடத்தில் ஆறை எட்டு என்றான். "இல்லை இல்லை, ஆறு, ஆறு" என்று நான் கத்தின சத்தத்துக்கு அயல்வீட்டுக்காரி பல்கனியில் இருந்து எட்டிப் பார்த்தாள். இன்னொரு தரம் முதலில் இருந்து வாசித்தோம்.

முடிந்ததும், இங்கிருந்தே காப்புறுதிக்காரருக்கு அடித்துவிட்டுக் கீழே போகிறேன், இருட்டப் போகிறது என்றான்.

எங்கள் பல்கனியில் வெயில் இன்னும் கொளுத்திக்கொண்டு நின்றது. அங்கே மாரி என்று பூமணி சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் அவன் வைத்துவிட்டான்.

அடுத்த நாள் வானம் வெளித்ததும் ஹெலிகொப்ரர் போய் பியோர்க்கை ஏற்றியது. கூடவே பூமணியையும். பின்னேரம் ஆசுப்பத்திரியில் இருந்து கூப்பிட்டாள். சுகமோ என்றும் கேட்கவில்லை.

"என்னப்பா, கள்ளனைப் பிடிச்சாச்சோ?"

"உமக்கு அந்தச் சொக்கிலேற் எப்பிடித் தெரியும்?"

"இருபது வருசமாத் தெரியும். அந்தக் கோட்டை ஆர் தோய்க்கிறது?"

அவள் வந்த பிறகு மிச்சத்தைச் சொன்னாள். மொலெஃபி அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார். அவனுடைய தாய்தான் ஊர்த் தலைவி. அந்த மலைகளில் நடந்து வருகிறவர்கள் முதலில் தலைவியிடம் போய், வந்திருக்கிறோம் என்று சொல்ல வேண்டுமாம். அவ ஒரு குடிசை ஒதுக்கிக் கொடுப்பா. இவர்களுக்கும் கொடுத்திருக்கிறா. பியோர்க்கின் காலுக்குப் பூமணி பலகை வைத்துக் கட்ட, தலைவி தன் தோளில் கிடந்த கம்பளியைக் கழற்றி பியோர்க்கைப் போர்த்தினாவாம். ஊரில் யாரோ எடுத்து அனுப்பிய படத்தில் பார்த்தேன். சிவப்பும் கறுப்புமான கனத்த கம்பளி. பக்கத்தில் ஒரு மெலிந்த மனிதன், முழங்கால் வரை பனி ஒட்டிய சப்பாத்தோடு நிற்கிறான். அதுதான் மொலெஃபி. "ந்தாதே" என்றால் அங்கே ஐயா என்று அர்த்தமாம். நான் கள்ளன் என்றபோதெல்லாம் அவன் என்னை ஐயா என்றிருக்கிறான்.

"ரெண்டாந் தரம் இறங்கி வந்து, உன்ரை மனிசன் வைச்சிட்டார் எண்டான்" என்றாள் பூமணி. "எனக்கு வெக்கமாப் போச்சு. தலைவி கேட்டா, உன்ரை மனிசன் எப்பிடிப்பட்டவர் எண்டு. ஒருத்தரையும் நம்பமாட்டார் எண்டன்."

"அப்பிடியே சொன்னனீர்?"

"பின்னை? அவ, அப்ப அவரை ஆரோ முந்தி நல்லா ஏமாத்திப்போட்டாங்கள் எண்டா. மகனைப் பாத்து, இன்னொருக்காப் போ எண்டா. அவனும் சப்பாத்தைக் கழட்டாமலே திரும்பிட்டான்."

நான் எழும்பிக் குசினிக்குப் போய்விட்டேன். மொஸ்கோ வாங்கில் நான் கிடந்த பதினொரு நாளை, என்னைக் காணாமலேயே ஒரு மலைக்காரி கண்டுபிடித்துவிட்டா. நாற்பது வருசமாக நான் அதை ஒருவருக்கும் ஒழுங்காகச் சொன்னதில்லை.

செப்ரெம்பர் நடுவில் ஒரு நாள் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். 266 என்று போன் அடித்தது. மொலெஃபிதான். மூச்சு வாங்கியது.

பழக்கதோசம் விடுமா? இனித்தான் கேட்கப் போகிறான் என்று நினைத்தேன். நியாயம்தான், கேட்கட்டும், கேட்டதைக் கொடுப்போம் என்று மனதைத் தயார் பண்ணிக்கொண்டு இருந்தேன். கால் எப்படி என்று கேட்டான். பியோர்க் ஊன்றுகோலோடு நடக்கிறா என்றேன். மலையில் நொந்த உங்கள் மனைவியின் முழங்கால்? பரவாயில்லை என்றேன். அம்மா உங்கள் எல்லாரையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னா என்றான். நான் காத்திருந்தேன். அவ்வளவுதான். போனில் காசு முடியப் போகிறது, வைக்கிறேன் என்றான். அதற்குத்தான் அவன் அந்த மலையை நாலாந்தரமும் ஏறியிருக்கிறான்.

வீட்டுக்கு வந்து பூமணிக்குச் சொன்னேன்.

"என்ன கேட்டவன்?"

"பியோர்க்கின்ரை கால் எப்பிடி எண்டு."

"பிறகு?"

"உம்மடை முழங்கால்."

"பிறகு?"

"பிறகு ஒண்டும் இல்லை. ஒண்டுமே கேக்கேல்லை."

அவள் என்னைப் பார்த்தாள். "நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"பாத்து இறங்கு தம்பி எண்டனான்."

"தமிழிலையோ?"

"ஓம். விளங்கியிருக்கும்."