நான்காம் பத்தி

செபமாலைமுத்து எழுதிய ஆறாவது கடிதம் மேசைக்கு வந்தபோது நீலவேணிக்கு முதலில் அவர்மேல்தான் எரிச்சல் வந்தது. 1988 மார்ச். ஈப்போவிலிருந்து படிக்க வந்து லண்டனிலேயே தங்கிவிட்ட அவளுக்கு, வெளிநாட்டு உதவி பற்றிப் பொதுமக்கள் எழுதும் கடிதங்களுக்குப் பதில் அனுப்பும் அரசாங்க வேலை. பதில்கள் எல்லாம் முன்பே எழுதி எண்ணிட்ட பத்திகள். எந்தக் கேள்விக்கு எந்தப் பத்தி என்று பார்த்து அடித்து அனுப்பினால் போதும்.

நாட்டு வருமானத்தில் நூற்றுக்குப் பூச்சியம் தசம் ஏழு பங்கை ஏழை நாடுகளுக்குக் கொடுப்பது என்ற இலக்கை அரசு ஏற்றுக்கொண்டிருந்தது. எந்த ஆண்டுக்குள் என்பதுதான் செபமாலைமுத்துவின் கேள்வி. அதற்கு நான்காம் பத்தி: 'பொருளாதார நிலை இடங்கொடுக்கும்போது அரசு அந்த இலக்கை நோக்கிச் செல்லும்.' ஐந்து முறை அதையே அனுப்பியிருந்தாள். இந்த முறை, ஆண்டு எதுவும் குறிக்கப்படவில்லை, பத்தாண்டுகளுக்கு முன்பிருந்ததைவிடப் பங்கு குறைந்திருக்கிறது என்று இரண்டு வரி சேர்த்தாள். மேலாளர் அந்த இரண்டையும் சிவப்பு மையால் அடித்தார்.

"இது அச்சில் வந்த விவரம்தானே?" என்றாள்.

"ஆமாம். தேடுகிறவர் கண்டுபிடிக்கட்டும். குறைந்ததா என்று அவர் கேட்கவில்லையே," என்றார் அவர், கோபமே இல்லாமல். கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

அடுத்த வாரம் செபமாலைமுத்து நேரில் வந்துவிட்டார். ஊரில் பூகோள ஆசிரியர். இங்கே பெட்ரோல் நிலையமொன்றில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்டன் பார்க்கில் ஒரு மண்டபத்தில், இந்த நாட்டு அரசாங்கம் எப்படி நடக்கிறது என்று தன் சனத்துக்கு விளக்குகிறவர்.

"பிள்ளை, நாங்களும் இஞ்சை வரி கட்டுறம். வருசத்தைச் சொல்லுங்கோ."

நீலவேணி கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "வருசமே குறிக்கல ஐயா. பத்து வருசத்துக்கு முந்தி கொடுத்ததவிட இப்போ பங்கு குறைஞ்சுதான் போயிருக்கு."

"இதை எழுத்திலை தாங்கோ."

"முடியாது ஐயா. கையெழுத்துப் போடுறது நான். வேலை போயிடும்."

"வாயாலை கேட்டதை நான் சனத்துக்கு எப்பிடிச் சொல்லுறது? ஆர் சொன்னது எண்டு கேப்பினம்." தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "உங்களிலை பிழையில்லை, பிள்ளை."

அவர் அப்படிச் சொன்னதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

ஏப்ரல் கடைசியில் முழுக்கத் தமிழில் ஒரு கடிதம் வந்தது. தமிழ் தெரியாத மேலாளர் அதைக் கொண்டுவந்து அவளை வாசிக்கச் சொன்னார். அப்டன் பார்க்கில் துணி தைக்கும் தவமலர் எழுதியிருந்தாள். 'மாஸ்டர் ஆறு தரம் எழுதியும் சரியான மறுமொழி வரேல்லையாம். எனக்கு இங்கிலிஷ் வராது. தமிழிலை எழுதினால் மண்டபத்திலை எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டுவன்.'

"என்ன கேட்கிறார்?"

"எந்த ஆண்டு என்று."

மேலாளர் பெருமூச்சு விட்டார். "நீயே தமிழில் பதில் எழுதிவிடு. நான்காம் பத்தி. கோப்புக்கு ஒரு பிரதி வை."

அலுவலகத் தட்டச்சுப்பொறியில் தமிழ் எழுத்து இல்லை. அரசு முத்திரை அச்சிட்ட தாளொன்றை எடுத்து நீலவேணி பேனாவைத் திறந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு தமிழில் நீளமாக அவள் எதையும் எழுதியதில்லை. 'அன்புள்ள தவமலர் அவர்களுக்கு' என்று எழுதி, அதற்குக் கீழே நான்காம் பத்தியோடு, சிவப்பு மையால் அடிபட்ட அந்த இரண்டையும் சேர்த்து மெல்ல மெல்ல மூன்று வரி எழுதினாள். மேலாளர் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, மை காயாத அந்த எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அழகாக இருக்கிறது," என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.