கடற்கரையில் சுட்ட தேங்காய்

கிழங்குக் கொட்டகையில் எல்லார் காதிலும் விழும்படிதான் பாவாயி சொன்னாள்.

"ஆடி ஒண்ணு வந்தா எனக்கு அறுபது. கடல் பாக்கப் போறேன்."

நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஜவ்வரிசி ஆலை. ஆனி மாதம் என்பதால் மரவள்ளிக் கிழங்கு வரத்து குறைந்து, வேலை அரை நாளாகச் சுருங்கியிருந்தது. தோல் சீவும் பெண்கள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். வரிசை முழுக்கச் சிரித்தது.

"கடலா? யாருக்குங்க்கா திதி?" என்றாள் இந்தப் பக்கம் இருந்த மாரக்காள். பாவாயியைவிடப் பத்து வயது இளையவள்.

"யாருக்கும் இல்ல. எனக்குப் பொறந்த நாளு."

கூலி வேலைக்குப் போகிற வீடுகளில் பிறந்த நாளை யாரும் குறித்து வைப்பதில்லை. பாவாயிக்கு மட்டும் குறிக்காமலே நின்றுவிட்டது. காவிரியில் பெருவெள்ளம் வந்த 1924ஆம் வருஷம், ஆடி முதல் தேதி, பரமத்தி வேலூர்ப் பக்கம் ஆற்றோர ஊர் ஒன்றில், தெருவெல்லாம் தேங்காய் சுட்டுக்கொண்டிருந்த சாயங்காலம் பிறந்தாள். சேலம், நாமக்கல் பக்கம் ஆடி பிறந்தால் தேங்காய் சுடுவார்கள். நார் போக வழித்து, கண்ணைத் துளைத்து, உள்ளே பச்சரிசியும் எள்ளும் வெல்லமும் அடைத்து, குச்சியில் குத்தித் தீயில் காட்டுவது. புதுசாகக் கட்டிக்கொண்டவர்களும் குழந்தைகளும் கூடிச் செய்கிற நோம்பி அது. அந்த வருஷம் நோம்பி முடிந்த கையோடு வெள்ளம் வந்து அவள் பிறந்த வீட்டைக் கொண்டுபோனது. அதை எவர் மறப்பார்? இப்போது 1984. கணக்குக்கு எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை.

அந்தப் பக்கம் இருந்த இன்னாசிமேரி கத்தியை நிறுத்தாமலே சொன்னாள். சேலத்தில் பிறந்து இங்கே வாக்கப்பட்ட வேதக்காரப் பொம்பளை. பாவாயியோடு ஒரே போசியில் பழைய சோறு தின்றே வருஷம் பல ஆகிவிட்டது.

"வேளாங்கண்ணிக்கு நான் கூட்டிட்டுப் போறேன் வா. கோயிலுக்கு எதுத்தாப்புல கடலுதான்."

"கோயிலுக்கு வேண்டாம் மேரி."

"ஏன், எங்க மாதா உன்னியக் கடிச்சுப்புடுமா?"

"கடிக்காது. ஆனா கோயிலுக்குப் போனேன்னு ஆயிரும். நான் கடலுக்குத்தான் போகோணும்."

"பையங்கிட்டயாவது கோயிலுன்னு சொல்லிருக்கா" என்றாள் மாரக்காள். "நானெல்லாம் நேத்திக்கடன்னுதான் சொல்லப் போறேன். சும்மா போறேன்னா எங்கூட்டுக்காரன் வெளக்குமாத்த எடுத்துருவான்."

"அப்ப நீயும் வாரியா?"

"வராம? நீங்க ரெண்டு பேரு போயி ஆட்டம் போட, நான் இங்க கெழங்கு சீவோணுமா?"

"நீ உம்புருசன் வீரங்கிட்ட என்ன வேணா சொல்லிக்க. நான் சும்மான்னுதான் சொல்லுவேன்."

அந்த ஊர்ப் பெண்கள் சாமிக்கு வெளியூர் போவார்கள், சாவுக்குப் போவார்கள், வயிற்றில் கட்டி என்றால் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். சும்மா போனவள் என்று ஒருத்தி இல்லை.

இந்த வேகம் வைகாசியில் பிறந்தது. கொழுந்தன் வெள்ளியங்கிரிக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தது. பாவாயிக்கு ரெண்டு மாசம் மூத்தவன். பந்தல், நாதஸ்வரம், கழுத்து நிறைய மாலை. மகன்களும் மருமகள்களும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். பாவாயி அப்போது மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சேலைக்காரி நல்ல காரியத்தில் முன்னால் நிற்கக்கூடாது. போய் நில் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே அவள் கால் அங்கே போயிற்று. அதுதான் அவளுக்கு ஆறவில்லை. பூசணிக்காயை வெட்டி முடித்தபோது முடிவு செய்துவிட்டாள்.

மகன் சென்னிமலை சோற்றில் கை வைத்திருந்தபோது வீட்டில் சொன்னாள். அவனுக்குச் சொந்தமாக ஒரு லாரி. அந்த லாரிக்கு முதல் போட்டதில் பாவாயி சீவிய கிழங்கும் உண்டு. இப்போது அம்மா கிழங்கு சீவப் போவது அவனுக்குக் கௌரவக் குறைச்சல்.

"நோம்பி நாளும் அதுவுமா கடலுக்கா? அதுல என்னம்மா இருக்குது? நான் மங்களூர்ல பாத்தேன், தூத்துக்குடில பாத்தேன். உப்புத் தண்ணி. மீன் நாத்தம்."

"நீ பாத்துட்டுச் சொல்ற. நானும் பாத்துட்டுச் சொல்றேன்."

"பழனிக்கு வேணா கூட்டிட்டுப் போறேன்."

"பழனில கடலு இருக்குதா?"

பரிமாறிக்கொண்டிருந்த மருமகள் சௌந்திரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சென்னிமலைக்குக் கோபம் ஏறியது.

"அறுபதுங்கறது சோடியா இருக்கறவங்களுக்கும்மா. அப்பா போனதுக்கப்பறம் உனக்கென்ன அறுபது?"

"வயசு என்ன சோடி பாத்தா ஏறுது? எனக்குத் தனியாத்தான் ஏறுச்சு."

"அந்த மாரக்காளும் மேரியும்தான் உன்னியக் கெடுக்கறாளுக. ஊர்ல நாலு பேரு கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

"சும்மா போயிருக்குதுன்னு சொல்லு."

அவன் தட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போனான்.

ஆனி கடைசி நாள் விடிந்ததும் மூவரும் பஸ் ஸ்டாண்டில் நின்றார்கள். மாரக்காள் கையில் கட்டுச்சோறு, இன்னாசிமேரி கையில் பாய். ராசிபுரம் பஸ் வந்து நின்றபோது சென்னிமலையின் மொபெட்டும் வந்து நின்றது. பாவாயி மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவன் தடுக்க வரவில்லை. கையில் ஒரு மஞ்சப்பை. சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னான்.

"அம்மா, பச்சரிசி, கறுப்பெள்ளு, தேங்கா எல்லாம் வெச்சிருக்குது. கடல்ல முழுகி அப்பாவுக்குத் திதி குடுத்துட்டு வந்துருங்க."

டீக்கடையில் இருந்த ஒருவர், "அட, நல்ல காரியம்டா. பெத்தா இப்படிப் பையனப் பெக்கோணும்" என்றார்.

பாவாயி வாய் திறப்பதற்குள் பஸ் கிளம்பியது. இன்னாசிமேரி அவளை உள்ளே இழுத்துப் போட்டாள். மஞ்சப்பை அவள் மடியில் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே சென்னிமலை சிரித்த முகமாக நின்றான். ஊர்வாயை அடைத்துவிட்ட நிம்மதி.

"நல்லதாப் போச்சு விடுக்கா" என்றாள் மாரக்காள். "இனி ஒருத்தனும் ஒண்ணும் பேச முடியாது."

"பேசட்டும்னுதானடி நான் கெளம்புனேன். எம்பட நாளத் தூக்கி அவங்கப்பனுக்குக் குடுத்துட்டானே."

திருச்சியில் பஸ் மாறி, தஞ்சாவூரில் மாறி, மாயவரத்தில் மாறி, பூம்புகார் போய்ச் சேரும்போது பொழுது இறங்கிவிட்டது. ஒரு சத்திரத்தில் படுத்தார்கள்.

விடிந்ததும் போனார்கள். முதலில் காவிரி கடலில் விழுகிற இடத்தை அங்கிருந்தவர்கள் காட்டினார்கள். பாவாயி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"இதா காவேரி? எங்கூட்டையே தூக்கிட்டுப் போனவ இவதானா? எங்கூரு வாய்க்கா இதவிட அகலம்."

"வயசாயிப் போச்சு, உன்னியாட்ட" என்றாள் இன்னாசிமேரி.

"என்னியாட்டன்னா இந்நேரம் கரையத் தாண்டியிருப்பா."

அப்புறம் கடல். மூவரும் கையைக் கோத்துக்கொண்டு இறங்கினார்கள். அலை முழங்காலில் அடித்ததும் பாவாயி அலறினாள். பயத்தில் இல்லை. கிழங்குப் பால் அரித்துப் பிளந்திருந்த பாதத்தில் உப்பு ஏறிச் சுரீரென்றது. வெடிப்புக் கண்ட விரலிடுக்கெல்லாம் எரிந்தது. வாயில் வந்த கெட்ட வார்த்தை எல்லாவற்றையும் கடலைப் பார்த்துச் சொன்னாள். அடுத்த அலை மூவரையும் சேர்த்து உருட்டியது. மாரக்காளின் ஒரு செருப்பு போயே போய்விட்டது. "ஐயோ வீரன் கேப்பானே" என்று அழுதுகொண்டே சிரித்தாள். இன்னாசிமேரி சேலையில் மணல் மூட்டையாகக் கட்டி நடக்க முடியாமல் தவழ்ந்து வந்தாள். வெயில் ஏறும்வரை அப்படியே கிடந்தார்கள். அவர்களை வேலைக்குக் கூப்பிட அங்கே ஆளில்லை.

ஆடி முதல் நாள் என்பதால் கரையில் திதி கொடுக்கிறவர்கள் கூட்டம் இருந்தது. ஈரச் சேலையோடு மேலேறி வந்த பாவாயியைப் பார்த்துவிட்டு ஐயர் ஒருவர் வந்தார். வெள்ளைச் சேலையும் மஞ்சப்பையும் அவருக்குப் போதுமாக இருந்தன.

"முழுகியாச்சா? உக்காருங்கோ. யாருக்கு? பேரு சொல்லுங்கோ."

"யாருக்கும் இல்லீங்க சாமி."

"பையிலே எள்ளு தெரியறதே. ஆத்துக்காரருக்கா?"

மாரக்காள் பாவாயியின் முழங்கையைக் கிள்ளினாள். இன்னாசிமேரி காதோரம் சொன்னாள்: "ஒரு கை எள்ள எறச்சுட்டு வா புள்ள. ஒரு நிமிசம். பையனுக்கும் மனசு ஆறும். நம்ம பாட்டுக்கு நம்ம சோலியப் பாப்போம்."

பாவாயி பையைப் பார்த்தாள். புருஷன் சுப்பையன் கெட்டவனில்லை. கிணறு வெட்டும்போது கல் விழுந்து செத்தான். அவனும் கடல் பார்த்ததில்லை. ஒரு கை எள் அவனுக்குக் கொடுத்தால் குறைந்துவிடாதுதான். ஆனால் கொடுத்துவிட்டால் நாளைக்கு ஊரில் அவள் திதி கொடுக்கப் போனவள். கடல் பார்க்கப் போனவள் இல்லை. வெள்ளியங்கிரியின் பந்தலில் பூசணிக்காய் வெட்டியது போலத்தான் இதுவும்.

"அவருக்குப் பொரட்டாசி அமாவாசைக்கு ஊட்டுல எலை போடறமுங்க. ஒரு வருசமும் தவறுனதில்ல. இன்னிக்கு எம்பட நாளு. இதுல அவருக்கு என்னங்க வேல?" என்றாள். "எனக்கு அறுபது, சாமி."

"உசிரோட இருக்கறவாளுக்குத் திதி கிடையாதும்மா."

"அதத்தானுங்க நானும் சொல்றேன்."

ஐயர் அவளை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "அறுபதா? நன்னா இருங்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போனார். வேலை நேரம், அவருக்கும்.

பாவாயி மஞ்சப்பையை மணலில் கவிழ்த்தாள். தேங்காயை எடுத்துப் பாறைக்கல்லில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். நார் சுருள் சுருளாக உதிர்ந்தது.

"என்னக்கா பண்ற?"

"நோம்பியில்ல? நீ போயி வெல்லம் வாங்கிட்டு வா. மேரி, சவுக்குச் சுள்ளி பொறுக்கு."

மாரக்காள் நகரவில்லை. "செத்தவங்களுக்கு வெச்ச எள்ளுக்கா. அதத் திங்கலாமா?"

"கடையில வாங்கறப்ப அது வெறும் எள்ளுதான். பேரு வெச்சவன் சென்னிமலை. நான் பேர மாத்திட்டேன்."

ஒற்றைச் செருப்போடு மாரக்காள் கடைக்குப் போனாள்.

இடுப்பில் எப்போதும் செருகியிருக்கும் கிழங்குக் கத்தியின் முனையால் பாவாயி தேங்காய்க் கண்ணைக் குடைந்தாள். தண்ணீரை ஆளுக்கொரு வாய் குடித்துவிட்டு, பச்சரிசியும் எள்ளும் நுணுக்கிய வெல்லமும் அடைத்து, கூர் சீவிய சவுக்குக் குச்சியைச் சொருகினாள். பாறை மறைவில் தீ மூட்டினார்கள். கடல் காற்று தீயை ஒரு பக்கம் நிற்க விடவில்லை. மூவரும் முதுகைக் காட்டி அரணாக உட்கார்ந்து, மாற்றி மாற்றிக் குச்சியைப் பிடித்துத் திருப்பினார்கள். ஓடு கருத்து, வெல்லம் பொங்கிக் கண் வழியாக வழிந்தது. வாசனைக்கு, திதி கொடுக்க உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். படாரென்று ஓடு வெடித்தது.

தாலி இறங்கிய பிறகு யாரும் பாவாயியின் கையில் நோம்பிக் குச்சியைக் கொடுத்ததில்லை.

இன்னாசிமேரி முதல் வாயை ஊதி ஊதித் தின்றாள். "பங்குச் சாமியாரு கேட்டா என்ன சொல்ல?"

"பொறந்த நாளுக்குத் தின்னேன்னு சொல்லு. உங்க சாமிக்கும்தான் பொறந்த நாளு கொண்டாடறீங்க."

பாதியைத் தின்றார்கள். பாதியைப் பாவாயி மஞ்சப்பையில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் பொழுது சாயும்போது வீடு வந்து சேர்ந்தாள். வாசலில் கட்டில் போட்டு வெள்ளியங்கிரி உட்கார்ந்திருந்தான். சென்னிமலை பக்கத்தில் நின்றான்.

"வாங்க நங்கை" என்றான் வெள்ளியங்கிரி. "அண்ணனுக்குத் திதி நல்லபடியா ஆச்சுங்களா?"

இரண்டு ஆண்களும் அவள் வாயைப் பார்த்தார்கள். ஆச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாவாயி பைக்குள் கை விட்டுக் கருகிய தேங்காய்ப் பாதியை எடுத்தாள்.

"திதியெல்லாம் குடுக்கல, கொழுந்தனாரே. தேங்கா சுட்டுத் தின்னோம். உங்களுக்கு வைகாசில அறுபது, எனக்கு ஆடில. இந்தாங்க, எடுத்துக்கங்க."

வெள்ளியங்கிரி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். சென்னிமலை அதைப் பிடுங்கித் தெருவில் வீசினான்.

"அப்பா எள்ளத் தின்னுட்டு வந்து நிக்கறியே, உனக்கு வெக்கமா இல்ல?"

உள்ளேயிருந்து சௌந்திரம் வந்து நிலைப்படியில் நின்றாள். "கடலு எப்படிங்கத்தே இருந்துச்சு?" என்றாள். புருஷன் முறைத்தும் அவள் நகரவில்லை.

"எரியுது கண்ணு" என்றாள் பாவாயி. "நல்லா இருக்குது."

சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினாள். தேங்காய்ப் பாதி ஒருக்களித்துக் கிடந்தது. எடுத்து, மண்ணை ஊதி, முந்தானையில் துடைத்து, நடுத்தெருவிலேயே குந்தினாள். இடுப்பிலிருந்து கத்தியை உருவி, ஓட்டிலிருந்து பருப்பைப் பெயர்த்து வாயில் போட்டு மெல்லத் தொடங்கினாள். ஆலையிலிருந்து திரும்புகிற பெண்கள் அவளைச் சுற்றி நின்றார்கள்.

"எங்க போயிட்டு வாரீங்க பாவாயக்கா? திதிக்குப் போனதாச் சொன்னாங்க?"

"கடல் பாக்கப் போனேன்" என்றாள் பாவாயி, வீட்டு வாசலுக்குக் கேட்கும் குரலில். "சும்மா."