காசிலிங்கம் வீட்டில் இல்லை

பேராசிரியர் வெங்கட்ரமணன் காரணம் தெரியாமல் இறந்துபோனதற்கு மறுநாள் சாயங்காலத்திலிருந்து, தச்சநல்லூர் காசிலிங்கம் தன் வீட்டுக்குள் இருக்கும்போது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. தெருவில் தெரிவார். டீக்கடையில் தெரிவார், பஸ்ஸில் கண்டக்டர் அவரிடம் சில்லறை கேட்பார். வாசற்படி தாண்டிக் காலை உள்ளே வைத்தால் ஆளும் இல்லை, குரலும் இல்லை. கட்டிய மனைவிக்காவது கொஞ்சம் மங்கலாகத் தெரியக்கூடாதா என்று தெருக்காரர்கள் ஆரம்பத்தில் கேட்டார்கள். முத்துராணிக்கும் தெரியவில்லை, அந்த விஷயத்தில் யாருக்கும் சலுகை இல்லை.

வெங்கட்ரமணன் குறுக்குத்துறைப் பக்கம் ஆற்றை ஒட்டி வீடு வைத்திருந்தவர். ஏடு படிப்பதில் மன்னன். செல்லரித்த ஓலையில் பாதி எழுத்து போயிருந்தாலும் மீதியைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார், சொன்னது தப்பாது. சித்திரை மாதம் ஒருநாள் வெளியே போய்விட்டு வந்து, காலைக் கழுவிக்கொண்டு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவி நாகலக்ஷ்மி காபி கொண்டுவந்தபோது உயிர் இல்லை. அறுத்துப் பார்த்த டாக்டர்களுக்கு ஒரு குறையும் அகப்படவில்லை. எல்லாம் சரியாக இருந்தது, உயிர் மட்டும்தான் இல்லை. இந்த இதயம் இன்னும் இருபது வருஷம் ஓடியிருக்க வேண்டியது என்று ஒரு டாக்டர் வருத்தப்பட்டார். தமிழ்த்துறைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஆளுக்கொரு பாடபேதம் சொன்னார்கள். கண்ணேறு என்றார் ஒருவர், ஏட்டுக்குப் போடுகிற பூச்சிமருந்து என்றார் இன்னொருவர். எதுவும் நிலைக்கவில்லை.

அன்று அவர் போய்விட்டு வந்தது காசிலிங்கம் வீட்டுக்குத்தான். இருவரும் ஒரே கல்லூரியில் பக்கத்துப் பக்கத்து மேசையில் தலை நரைத்தவர்கள். பெயர் தெரியாத புலவன் பாடிய பள்ளு ஒன்றை வருஷக்கணக்காக உட்கார்ந்து பதிப்பித்தார்கள். வெங்கட்ரமணன் ஏட்டைப் படிப்பார், காசிலிங்கம் எழுதுவார். வண்ணார்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் வெளியீட்டு விழா நடந்தது. வெங்கட்ரமணன் ஒரு மணி நேரம் பேசினார். பைண்டிங் செய்தவருக்குக்கூட நன்றி சொன்னார். காசிலிங்கத்தின் பெயர் வரவில்லை. மறதிதான், தன் வலது கைக்கு மேடையேறி யார் நன்றி சொல்லுகிறார்கள்? முன்வரிசையில் புது வேட்டியோடு உட்கார்ந்திருந்த காசிலிங்கத்துக்கு அப்படிப் படவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவர், அதற்குப் பிறகு வெங்கட்ரமணன் போன் செய்தால் எடுப்பதில்லை. கடைசியில் மனிதர் உச்சி வெயிலில் பஸ் மாறி நேரிலேயே வந்து கதவைத் தட்டினார்.

"ஆள் இல்லன்னு சொல்லு" என்றார் காசிலிங்கம், பைய. முத்துராணி போய் அப்படியே சொன்னாள். "சரிம்மா. நான் வந்தேன்னு சொல்லு. இன்னொரு நாள் வரேன்" என்ற குரல் உள்ளறையில் தெளிவாகக் கேட்டது. காசிலிங்கத்துக்கு எழுந்து ஓடத்தான் ஆசை. ஆனாலும் இன்னும் ஒரு தடவை அலையட்டும், அடுத்த தடவை கதவைத் திறப்போம் என்று வீம்பாக உட்கார்ந்திருந்தார். பாவி மனிதர், அடுத்த தடவை என்று ஒன்று இருக்கிறது என்று நம்பிவிட்டார். படியிறங்கும் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் கேட்கவில்லை.

மறுநாள் துக்கம் கேட்கப் போன இடத்தில் நாகலக்ஷ்மி அவரைப் பார்த்ததும், "உங்களப் பாக்கத்தான் போனார். நீங்க ஆத்துல இல்லையாமே" என்றாள். அங்கே வைத்தே உண்மையைச் சொல்லியிருக்கலாம். "ஆமாம்மா, வெளிய போயிருந்தேன்" என்று வாய் சொல்லிவிட்டது. அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்து தண்ணீர் கேட்டார். முத்துராணி அவரைத் தாண்டி வாசலுக்குப் போய், தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "துட்டிக்குப் போனவுக இன்னும் வரலியே" என்று பக்கத்து வீட்டு ஷம்ஸியாவிடம் சொன்னாள்.

ஏன் இப்படி ஆயிற்று என்பது காசிலிங்கத்துக்கு உடனே விளங்கிவிட்டது. என்ன செய்தால் சரியாகும் என்பதும் விளங்கியது: நாகலக்ஷ்மியிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். பலமுறை குறுக்குத்துறைக்குப் போனார். படித்துறையில் நின்று ஆற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். நாம் கதவைத் திறந்திருந்தால் மனிதர் இன்றைக்கும் இருப்பாரோ என்ற கேள்வி அவரை அரித்துத் தின்றது. வருஷங்கள் போயின. முத்துராணி தட்டில் சோறு வைப்பாள், திரும்பிப் பார்த்தால் தட்டு காலியாக இருக்கும். கேஸ் தீர்ந்தது முதல் பெங்களூர் மகள் மாதுரியின் பிரசவம் வரை, புருஷனும் பெண்டாட்டியும் எல்லாவற்றையும் தெருவிளக்குக் கம்பத்தடியில் நின்றுதான் பேசி முடித்தார்கள். வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்தவர்கள் வீட்டில் ஆள் இல்லை என்று அவர் பெயரை அடித்துவிட்டுப் போனார்கள். "என்ன அண்ணாச்சி, வீட்ல பேச்சுவார்த்த இல்லியோ?" என்று டீக்கடை மணிராஜ் சீண்டுவான். "வீட்ல ஆளே இல்லடே" என்பார் இவர். ஒருநாள் அதே கம்பத்தடியில் முத்துராணி அழுதுவிட்டாள். "எனக்காவ மாமிகிட்ட உள்ளதச் சொல்லிருங்க. கட்டில் சூடா இருக்கத வச்சு நீங்க இருக்கியன்னு எத்தன நாளைக்குத்தான் தெரிஞ்சிக்கிடது?"

போன சித்திரையில் நாகலக்ஷ்மி வீட்டை விற்றுவிட்டுப் புனேயில் இருக்கிற மகன் ஹரீஷிடம் போவதாக இருந்தாள். சொல்லிக்கொண்டு போக மத்தியானம் ஆட்டோவில் வந்தாள். காசிலிங்கம் கூடத்தில், அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணு மனச அறுத்துண்டே இருக்கு, முத்துராணி" என்றாள் நாகலக்ஷ்மி. "யார்கிட்டயும் சொன்னதில்ல. அன்னிக்கு இங்கேர்ந்து வந்து கால அலம்பிண்டே சொன்னார். 'காசியோட செருப்பு வாசல்லயே கெடக்கு. இந்த வெயில்ல வெறுங்காலோட எங்கயோ போயிருக்கான், பொசுங்கிடுமே'ன்னு. ரெண்டு தடவ சொன்னார். அதுதான் கடைசிப் பேச்சு. உங்காத்துக்காரர் செருப்பில்லாம போற ஆளா? அப்பவே இவருக்கு மூள தடுமாறியிருக்கு. நான் கவனிக்காம காபி போடப் போயிட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிண்டு போயிருந்தா பொழச்சிருப்பார்."

செருப்பை எடுத்து உள்ளே போட வேண்டும் என்று அன்று இவர்களுக்குத் தோன்றவே இல்லை. அரை எழுத்தைப் பார்த்து முழுப்பாட்டைச் சொல்லுகிறவர் அதைப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, காசி உள்ளேதான் இருக்கிறான் என்று மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், அவன் காலுக்காகக் கவலைப்பட்டிருக்கிறார். காசிலிங்கம் வாய்விட்டு அழுதார். "நான் உள்ளதான் இருந்தேம்மா" என்று கத்தினார். கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. எழுந்து பின்வாசல் வழியாகச் சந்தில் ஓடித் தெருவுக்கு வந்து ஆட்டோ பக்கத்தில் நின்றார்.

வெளியே வந்த நாகலக்ஷ்மி அவரைப் பார்த்தாள். பிறகு அவர் காலைப் பார்த்தாள். ஓடிவந்த அவசரத்தில் வெறுங்காலோடு தார்ரோட்டில் நின்று கால் மாற்றிக்கொண்டிருந்தார்.

"செருப்பு போடாமத்தான் போவேளா?" என்று கேட்டாள். அவள் முகத்தில் எதுவோ தளரத் தொடங்கியிருந்தது.

சொல்ல வேண்டிய வாக்கியம் வருஷக்கணக்காகத் தயாராக இருந்தது. சொன்னால் இன்றைக்கே வீட்டில் தெரிவார். ஆனால் தன் சிநேகிதன் தன்னை வாசலோடு திருப்பி அனுப்பினான் என்பதை வெங்கட்ரமணன் மனைவிக்குக்கூடக் காட்டாமல் மூடிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதைத் திறக்கக் காசிலிங்கத்துக்கு மனம் வரவில்லை. வாசலில் நின்ற முத்துராணியைப் பார்த்தார்.

"ஆமாம்மா" என்றார். "எனக்கு அந்தக் கிறுக்கு உண்டு."

"சொன்னாக் கேக்க மாட்டாக மாமி" என்றாள் முத்துராணி.

"அப்ப அவர் சரியாத்தான் பாத்திருக்கார்" என்று நாகலக்ஷ்மி தெருவிலேயே நின்று அழுதாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கால் சுடும், உள்ள போங்கோ" என்றாள். காசிலிங்கம் படியேறிப் போனார். வாசற்படி வரைக்கும் அவர் தெரிந்தார், அதற்கப்புறம் முத்துராணி மட்டும் தெரிந்தாள். நாகலக்ஷ்மி அதைப் பார்த்துவிட்டு ஆட்டோவில் ஏறிக்கொண்டாள்.

முத்துராணி கதவைச் சாத்திவிட்டு வந்து, ஒரு கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய் ஊற்றிக் கூடத்தில் வைத்தாள். "கால்ல தடவிக்கிடுங்க" என்று ஆள் இல்லாத இடத்தைப் பார்த்துச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் எண்ணெய் குறைந்தது.