பெயரை முதலில் வைத்தவள் நான்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. இரும்புலியூர் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே, என்னைவிட உயரமான ஒரு பேனரில், பிறந்து சில நாளே ஆன என் மகளின் முகத்தைப் பார்த்தபோது வந்த கோபம். கொஞ்சம் ஆறட்டும், அப்புறம் எழுது என்றார் என் கணவர் மெர்வின். ஆறிப்போனதை எதற்கு எழுதுவது?

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கும் சுஜிக்கு நீண்ட காத்திருப்புக்குப் பின் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அவள் மனம் மகிழ்ச்சியில்—"

நிறுத்திவிட்டேன். இந்த சுஜி, நான் ஒளிந்துகொள்வதற்காக உண்டாக்கியவள். நல்ல பெண், பொறுமைசாலி. பேனரைப் பார்த்ததும் கண் கலங்கி நிற்கிறாள். நானோ கீழே கல் ஏதாவது கிடக்கிறதா என்று தேடினேன். சுஜியை வைத்து இந்தக் கதையை ஓட்ட முடியாது என்று தெரிந்ததும் அவளை அனுப்பிவிட்டேன். நான் ஆஷா. கணக்கு டீச்சர் நான்தான். பேனரில் இருந்தது என் பெண்.

2

அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன். வர வேண்டிய இடத்தில் [ ] என்று போடுகிறேன். எழுதினால் உடனே, "அட, அந்த நடிகர் பொண்ணு பேரு!" என்பீர்கள். எந்த நடிகர் என்றும் சொல்லமாட்டேன். (ரசிகர் மன்றத்துக்காரர்கள் தேடி வந்துவிடுவார்கள் என்ற பயமெல்லாம் இல்லை. அவர்கள் ஏற்கெனவே வந்துவிட்டார்கள். அதுதான் கதையே.)

குழந்தை இல்லாமல் இருந்த வருடங்களில் எங்களிடம் அந்தப் பெயர் மட்டும் இருந்தது. சர்ச்சில், கல்யாண வீட்டில், ஸ்டாஃப் ரூமில் எங்கே போனாலும், "விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்பார்கள். சிரித்து வைப்பேன். சிகிச்சைக்காக நுங்கம்பாக்கம் போய்வரும் ரயிலில் பக்கத்து சீட் காலியாக இருந்தால், [ ], ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டாதே என்று மனதுக்குள் அதட்டுவேன். [ ], பல்லாவரம் வந்தாச்சு, தூங்காதே என்பேன். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வருடங்களைத் தாண்டினேன்.

யாரிடமும் சொல்லவில்லை. இல்லாத பிள்ளைக்குப் பெயர் வைத்தவள் என்று பேச்சு வரும். எனக்கும் மெர்வினுக்கும் மட்டுமே தெரியும். அதாவது, எங்களுக்குச் சாட்சி கிடையாது.*

* மெர்வின் சாட்சி இல்லையா என்று கேட்பீர்கள். பெண்டாட்டிக்காகப் புருஷன் சொல்லும் சாட்சியை யார் நம்புவார்கள்?

3

பிரசவத்துக்குச் சில வாரங்கள் இருக்கும். டாக்டரைப் பார்ப்பதற்காக பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த பெண் போனை நீட்டினாள். "க்யூட்டா இருக்கில்லக்கா?" பிஞ்சுப் பாதம் ஒன்று. அதற்குக் கீழே, நடிகரும் அவர் மனைவியும் தங்கள் மகளுக்குச் சூட்டியிருக்கும் பெயர். [ ].

(அந்தக் கணத்தில் அவள் இதயம்— வேண்டாம். இதயம் நன்றாகத்தான் இருந்தது. பஸ்ஸில் துண்டு போட்டு வைத்த சீட்டில் இன்னொருவர் வந்து உட்கார்ந்து, அந்தத் துண்டிலேயே முகத்தையும் துடைத்துக்கொண்டால் வருமே ஓர் எரிச்சல், அது வந்தது.)

அவர் திருடினார் என்று சொல்ல முடியாது. நான் ஒருத்தி இருப்பதே அவருக்குத் தெரியாது. பொருள் போய்விட்டது, பிடிப்பதற்கு ஒரு சட்டைகூட இல்லை. அதனால் வீட்டுக்கு வந்து மெர்வினைப் பிடித்தேன்.

"ஸோ வாட், ஆஷா? அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது" என்றார்.

[மெர்வின் படித்துவிட்டு எழுதச் சொன்ன திருத்தம்: "நான் அவ்வளவு அலட்சியமா சொல்லல." சொன்னார். இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னார். திருத்தம் ஏற்கப்படவில்லை.]

4

பெண் பிறந்தாள். நான் ஆபரேஷன் மயக்கத்தில் கிடந்தேன். மெர்வின் சந்தோஷம் தாங்காமல் அவருடைய அம்மா புஷ்பத்திடம் பெயரைச் சொல்லிவிட்டார்.

"ஐயோ, நம்ம ஹீரோ பொண்ணு பேரு!" என்றாராம் அத்தை.

"இல்லம்மா, இது நாங்க ரொம்ப நாள் முன்னாடியே வச்சது."

"சரி சரி, எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

அத்தை நர்ஸிடம் சொல்ல, நர்ஸ் வாசலில் டீக்கடையில் சொல்ல, சாயங்காலமே மன்றத்தார் வந்துவிட்டார்கள். தலைவர் மகளின் பெயரை வைக்கும் புதுக் குழந்தைகளுக்கெல்லாம் தங்க மோதிரம் போடுவதாக அறிவித்திருந்தார்களாம். சால்வை, மோதிரம், கேமராக்காரர் எல்லாம் கூடவே வந்தன. அத்தை நல்ல புடவையாக மாற்றிக்கொண்டு குழந்தையோடு நின்றிருக்கிறார்.

அத்தை வேண்டுமென்றே— இந்த வரியை அடித்துவிட்டேன். அவர் சந்தோஷத்தில் செய்தார். அதனால் திட்டவும் முடியவில்லை. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

வீட்டுக்கு வரும் வழியில்தான் அந்த பேனர். மேலே நடிகர் கும்பிடுகிறார். நடுவில் என் மகள் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள். 'இளவரசியின் பெயர் சூடிய தாம்பரத்துத் தங்கமே!' கீழே வரிசையாக மன்றத்தார் முகங்கள். பெற்றவள் முகம் எங்கேயும் இல்லை.

5

தையல் ஆறாத வயிற்றோடு மோதிரத்தை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் பம்மல் போனேன். மன்றச் செயலாளர் சுப்பராயலுவுக்கு அங்கே வாட்டர் கேன் கடை.

"வாங்க டீச்சர்! இன்னா, பச்ச ஒடம்போட வந்துகினு கீறீங்க? ஒரு போன் அட்ச்சா நானே வூட்டாண்ட வந்துருப்பனே."

"பேனரை எடுங்க."

"பாப்பா கண்ண மூடிகினு கீது, அதானே? நானும் சொன்னேன், கேமராக்காரன் கேக்கல. வேற போட்டோ குடுங்க, இதவிட பெருசா வச்சுரலாம்."

"போட்டோ பிரச்சினை இல்லங்க. உங்க நடிகருக்காக நாங்க பேர் வைக்கல. அது பல வருஷமா எங்ககிட்ட இருக்கற பேர்."

அவர் என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். கேலியாகச் சிரித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

"சரிம்மா. எல்லாரும் எதுனா ஒண்ணு சொல்றாங்க. போன வாரம் ஒரு அம்மா வந்துச்சு. அதும் பொண்ணு ஸ்கூல் போவுது. அதுக்கு இதான் பேரு, பொறந்தப்பவே வச்சதுன்னு ஒரே பேச்சு. மோதரத்துக்காக இன்னா பொய்யி பாருங்க!"

"மோதிரம் கேட்டாங்களா?"

"அதான் இல்ல. பேனர்ல எதுக்கு எங்க பேரப் போட்டு பேஜார் பண்றீங்க, புள்ளைய ஸ்கூல்ல கிண்டல் பண்றாங்கன்னுச்சு. போம்மான்னு அனுப்பிட்டோம்."

(இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். தலைப்பைப் பாருங்கள். இனி அதை மாற்ற வேண்டும். மாற்றப்போவதில்லை. அந்த அம்மாவும் இதே தலைப்பில் ஒரு கதை எழுதலாம்.)

"அவங்க எந்தத் தெரு?"

"யாருக்குத் தெரியும்?" என்றார். "நீங்க மோதரத்த வச்சுக்கோங்க. தலைவர் பேரு, பாப்பா நல்லாருக்கும்."

மோதிரத்தை ஒரு கேன் மேல் வைத்துவிட்டு வந்தேன். நான் கேட்டபடி பேனரை மட்டும் இறக்கிவிட்டார். அந்த இடத்தில் இப்போது வேறொரு குழந்தை.

6

இனி முடிவு. கையில் சில இருக்கின்றன.

பெயரை மாற்றுவது. ஞானஸ்நானத்துக்குப் பெயர் கேட்ட ஆயர், "ரூத் நல்ல பேரும்மா" என்றார். நல்ல பெயர்தான். மடியில் வைத்துக்கொண்டு ரூத், ரூத் என்று கூப்பிட்டுப் பார்த்தேன். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் யாருடைய குழந்தையையோ கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்வதுபோல் இருந்தது.

மாற்றாமல் இருப்பது. எல்கேஜியில் இவள் பெயரில் இன்னும் நாலு பேர் இருப்பார்கள். ஆயுசு முழுக்க நான் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பேன். ஒருவரும் நம்பமாட்டார்கள்.

மெர்வினின் முடிவு: "வெளியில ரூத். வீட்ல நம்ம பேர் சொல்லிக் கூப்பிடலாம். யாருக்குத் தெரியப்போகுது?"

அப்போதுதான் அழுதேன். அதுவரை கோபம் மட்டும்தான் இருந்தது. "இல்லாதப்ப ஒளிச்சு ஒளிச்சுக் கூப்பிட்டேன், மெர்வின். இப்ப இருக்கா. இப்பவுமா ஒளிக்கணும்?"

மெர்வின் என் முகத்தைப் பார்க்காமல் குழந்தையை வாங்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். (இதை எழுதலாம் என்று அவரே சொன்னார்.)

7

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஆயர் என் மகளைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டார்: "இந்தக் குழந்தையின் பெயர் என்ன?"

சொன்னேன். சர்ச் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். என்ன சொன்னேன் என்று எழுதமாட்டேன். நீங்கள் கோபித்துக்கொண்டாலும் சரி.

இத்தனை தூரம் வந்த உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. என்றைக்காவது தாம்பரத்தில் ஷேர் ஆட்டோ ஏறுவீர்கள். எதிரே ஒரு சின்னப் பெண் இருப்பாள். பொழுது போகாமல், "பாப்பா, உன் பேர் என்ன?" என்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்பதுதான். அவள் சொல்லுவாள். அவள் என் மகளாக இருக்கலாம். பம்மலில், போம்மா என்று அனுப்பிவிட்டார்களே, அந்த அம்மாவின் மகளாகவும் இருக்கலாம். பக்கத்தில் அவளைப் பெற்றவள் வெளியே வேடிக்கை பார்ப்பதுபோல் உட்கார்ந்திருப்பாள். காது மட்டும் உங்கள் பக்கம் இருக்கும்.

அந்தப் பெயரைக் கேட்டதும் நீங்கள் ஏதோ சொல்ல வாயைத் திறப்பீர்கள். இந்தக் கதையின் கடைசி வரி அதுதான். பார்த்துச் சொல்லுங்கள்.